மாஸ்கோவோடு நின்றுவிடாதீர்கள்

கேள்வி: நாகர்கோவிலில் பிளஸ் டூ கலைப்பிரிவு முடித்திருக்கிறேன். தாத்தா சேர்த்துவைத்த சோவியத் புத்தகங்களைத் தமிழில் வாசித்தே வளர்ந்தவள். ரஷ்ய மொழியையும் அந்தப் பகுதியின் வரலாற்றையும் கல்லூரியில் படிக்க ஆசைப்படுகிறேன். "ரஷ்யாவுக்கு எம்.பி.பி.எஸ். படிக்கப் போவார்கள், மொழி படிக்கவா போவார்கள்?" என்கிறார் அப்பா. நான் ஐ.ஏ.எஸ். எழுத வேண்டும் என்பது அவர் விருப்பம். எழுத்துகூடத் தெரியாத மொழியை 18 வயதில் தொடங்கி அதில் பட்டம் வாங்க முடியுமா? போர் நடக்கும்போது இதைப் படிப்பது சரியா? படித்தால் வேலை கிடைக்குமா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முடியும். இந்தியப் பல்கலைக்கழகங்களில் ரஷ்ய மொழி பி.ஏ. சேருகிறவர்களில் பெரும்பாலோர் ஓர் எழுத்தும் தெரியாமல்தான் முதல் நாள் வகுப்பில் உட்கார்கிறார்கள். பாடத்திட்டமே அவர்களுக்காகப் போடப்பட்டதுதான். பல ஆண்டுகளாக இந்த மொழியைக் கற்பித்துவருகிறேன். தயங்கி நின்ற பலர் நன்றாகக் கற்றுத் தேறியதையும், மிகுந்த ஆசையோடு வந்த சிலர் இரண்டாம் ஆண்டில் விட்டுப்போனதையும் பார்த்திருக்கிறேன். வேறுபாடு மூளையில் இல்லை, தினமும் உட்கார்ந்ததில்தான் இருந்தது. அதனால் முதலில் உழைப்பின் அளவைச் சொல்லிவிடுகிறேன்.

ஆங்கிலம் பேசும் ஒருவர் ரஷ்ய மொழியில் வேலை பார்க்கும் அளவுக்குத் தேற ஏறக்குறைய 1100 வகுப்பு மணி நேரம் வேண்டும் என்று அமெரிக்காவின் தூதரக அதிகாரிகள் பயிற்சி நிறுவனம் கணக்குவைத்திருக்கிறது. ஒரு நாளைக்கு 3 மணி நேரம், ஆண்டுக்கு 200 நாள் என்று வைத்தால் இரண்டு ஆண்டுகளை நெருங்கிவிடும். வீட்டில் செய்யும் பயிற்சி இதில் சேராது. முதல் இரண்டு ஆண்டும் நீங்கள் விரும்பி வாசித்த இலக்கியம் உங்கள் பக்கம் வராது. வேற்றுமை உருபும் வினைத்திரிபும் உச்சரிப்பும்தான் பாடம். பலர் மனம் தளர்வது இந்தக் கட்டத்தில்தான்.

எழுத்தைக் கண்டு பயப்படாதீர்கள். மொத்தம் 33 எழுத்துகள். ஒரு வாரத்தில் வாசிக்க வந்துவிடும். அச்செழுத்தோடு கையெழுத்து வடிவத்தையும் சேர்த்தே கற்றுக்கொள்ளுங்கள். கரும்பலகையில் ஆசிரியர் எழுதுவது சேர்த்தெழுதும் கையெழுத்து. சில எழுத்துகளுக்கு அதில் உருவமே மாறிவிடும்.

இலக்கணத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. பெரும்பாலான பாடநூல்கள் ஆங்கிலம் வழியாகவே விளக்குவதால் அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. ரஷ்ய மொழியில் ஆறு வேற்றுமைகள். எட்டு வேற்றுமையைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்த உங்களுக்கு வேற்றுமை என்றால் என்ன என்று புரியவைக்க வேண்டியதில்லை. 'எனக்குக் குளிர்கிறது', 'எனக்குப் பிடிக்கும்', 'எனக்கு 18 வயது' என்றெல்லாம் நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதை ரஷ்யர்களும் அதே வேற்றுமையில் சொல்கிறார்கள். 'அவர் மருத்துவர்' என்பதில் நமக்கு எப்படி வினைச்சொல் தேவையில்லையோ, நிகழ்காலத்தில் அவர்களுக்கும் தேவையில்லை. 'புத்தகம் வாங்கினேன்' என்று 'ஐ' உருபு இல்லாமல் சொல்கிறோம். 'அண்ணன் பார்த்தேன்' என்று சொல்ல முடியாது, 'அண்ணனை' என்றாக வேண்டும். ரஷ்யனிலும் ஆண்பால் பெயர்களில் உயிரற்றவை செயப்படுபொருளாக வரும்போது உருவம் மாறாது, உயிருள்ளவை மாறும். ஒன்று மட்டும் கவனம்: நமக்குக் கோடு மனிதர்களோடு நின்றுவிடுகிறது, அவர்களுக்கு விலங்குகளும் உயிருள்ளவற்றின் பக்கம்தான்.

வினைச்சொல்தான் பெரிய மலை. பெரும்பாலான வினைகளுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு: செயல் நடந்துகொண்டிருப்பதையோ வழக்கமாக நடப்பதையோ சொல்ல ஒன்று, முடிந்துவிட்டதைச் சொல்ல இன்னொன்று. 'படித்தேன்', 'படித்துவிட்டேன்' என்ற இரண்டுக்கும் இடையில் நீங்கள் உணரும் வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் பாதி வழி வந்த மாதிரி. நாம் துணைவினை சேர்த்துச் செய்வதை அவர்கள் பெரும்பாலும் முன்னொட்டு சேர்த்துச் செய்கிறார்கள். மற்ற பாதியைப் பயிற்சியில்தான் பிடிக்க வேண்டும். போவது என்ற ஒரே செயலுக்கு நடந்து போவது, வண்டியில் போவது, ஒரு திசையில் போவது, போய்த் திரும்புவது என்று தனித்தனி வினைகள் இருக்கின்றன. மூன்றாம் ஆண்டு மாணவர்களும் இதில் தடுமாறுவார்கள். அதற்காகத் தளர வேண்டாம்.

உச்சரிப்பில் நமக்குச் சிரமம் உண்டு. தமிழ் எழுத்தில் ஒரே 'ச' பல ஒலிகளைச் சுமக்கிறது. அங்கே அந்த வட்டாரத்தில் மட்டும் ஏழெட்டு ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்து. மூன்று நான்கு மெய்கள் ஒட்டி வந்தால் நடுவில் 'இ', 'உ' நுழைத்துவிடும் பழக்கமும் நமக்கு இருக்கிறது. சொல்லில் எந்த அசையை அழுத்த வேண்டும் என்பதற்கு எளிய விதி எதுவும் இல்லை. புதுச்சொல் ஒவ்வொன்றையும் அழுத்தத்தோடு சேர்த்து, வாய்விட்டுச் சொல்லியே படியுங்கள். மௌனமாக வாசித்துப் பழகியவர்களின் ரஷ்யன் பின்னால் திருந்துவது கடினம்.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. உங்கள் கடிதத்தில் 'அந்தப் பகுதியின் வரலாறு' என்று எழுதியிருக்கிறீர்கள். எந்தப் பகுதி? தாத்தாவின் அலமாரியில் இருக்கும் புத்தகங்களை எனக்கும் தெரியும். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகத்தில் அச்சாகி, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக மலிவு விலையில் ஊர் ஊராக வந்த அந்த நூல்கள் இரண்டு தலைமுறைத் தமிழ் வாசகர்களை வளர்த்தன. அந்த நன்றி எனக்கும் உண்டு. ஆனால் அவை ஒரு அரசு உலகத்துக்குக் காட்ட விரும்பிய முகம். பல்கலைக்கழகத்தில் நீங்கள் படிக்கப்போவது முழு உடம்பையும்.

அலெக்சாந்தர் மெர்வார்த் என்பவரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அவரும் மனைவி லுத்மிலாவும் 1914இல் கிளம்பி இலங்கையிலும் இந்தியாவிலும் சில ஆண்டுகள் தங்கி, பீட்டர்ஸ்பர்க் அருங்காட்சியகத்துக்காகப் பொருள்கள் சேகரித்தார்கள், தமிழ் கற்றார்கள். திரும்பிப் போய்த் தமிழ் கற்பித்தார். பேச்சுத் தமிழுக்கு ரஷ்ய மொழியில் அவர் எழுதிய இலக்கணம் 1929இல் லெனின்கிராடில் (பீட்டர்ஸ்பர்க்கின் சோவியத் காலப் பெயர்) வெளிவந்தது. அடுத்த ஆண்டே அவரைக் கைதுசெய்தார்கள். அறிஞர்கள் பலர்மீது போடப்பட்ட வழக்கில் அவரும் ஒருவர். 1932இல் வடக்கே ஒரு கட்டாய உழைப்பு முகாமில் இறந்துபோனார். நம் மொழியை அந்த நாட்டுக்கு அறிமுகப்படுத்திய முன்னோடியின் முடிவு இது. அதே நாட்டில்தான் பின்னாளில் அலெக்சாந்தர் துபியான்ஸ்கி மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பல பத்தாண்டுகள் தமிழ் கற்பித்தார், சங்கப் பாடல்களைப் பற்றி ஆழமாக எழுதினார், 2020இல் காலமானார். இரண்டும் ஒரே வரலாற்றைச் சேர்ந்தவை. ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ரஷ்யாவைத் தெரியும் என்று சொல்ல இயலாது.

அடுத்து, ரஷ்யா என்பது மாஸ்கோ மட்டும் இல்லை. ரஷ்ய மொழி வழங்கும் இடமும் ரஷ்யா மட்டும் இல்லை. 1552இல் ரஷ்ய மன்னர் நான்காம் இவான் வோல்கா கரையிலிருந்த கசானைப் பிடித்தபோது தத்தார் முஸ்லிம்கள் அந்த அரசுக்குள் வந்தார்கள். 1556இல் அஸ்திரகான் விழுந்ததும் வோல்கா நதி காஸ்பியன் கடல்வரை ரஷ்யர்கள் கைக்கு வந்தது. அடுத்த நூற்றாண்டில் அதே அஸ்திரகானில் முல்தான் பக்கமிருந்து போன இந்திய வணிகர்கள் குடியேறிப் பெரிய அளவில் வியாபாரம் செய்தார்கள். அஜர்பைஜானின் பாகு நகருக்குப் பக்கத்தில் சுராகானியில் இருக்கும் தீக்கோயிலில் இன்றும் தேவநாகரியிலும் பஞ்சாபி எழுத்தான குர்முகியிலும் கல்வெட்டுகள் இருக்கின்றன. கிழக்கே 1580களில் சைபீரியாவுக்குள் நுழைந்த கொசாக்குகள் என்னும் எல்லைப்புறப் போர்வீரர்கள் 1639இல் பசிபிக் கரையை எட்டிவிட்டார்கள். இன்றைய உஸ்பெகிஸ்தானில் இருக்கும் தாஷ்கண்ட் 1865இலும் சமர்கண்ட் 1868இலும் ரஷ்யப் பேரரசரான ஜாரின் படையிடம் வீழ்ந்தன. அதைக் கண்டு இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் பதறினார்கள். ஆப்கானிஸ்தானில் அவர்கள் நடத்திய போர்களை அந்தப் பதற்றத்தோடு சேர்த்துத்தான் வாசிக்க வேண்டும். நம் பாடப்புத்தகத்தில் தாஷ்கண்ட் என்றால் 1966 ஒப்பந்தமும் லால் பகதூர் சாஸ்திரியின் மரணமும் மட்டும்தான். அந்த ஊருக்கு அதற்கு முன்னும் பின்னும் ஒரு கதை இருக்கிறது.

உஸ்பெக் மொழியை எடுத்துக்கொள்ளுங்கள். 1920கள்வரை அரபு எழுத்தில் எழுதினார்கள். பிறகு லத்தீன் எழுத்து வந்தது, 1940இல் ரஷ்ய எழுத்து வந்தது, சுதந்திரத்துக்குப் பின் 1993இல் மறுபடி லத்தீனுக்குப் போகச் சட்டம் போட்டார்கள். தாத்தா எழுதிய கடிதத்தைப் பேரன் வாசிக்க முடியாத வீடுகள் அங்கே எத்தனையோ. தாத்தாவின் புத்தகத்தை அப்படியே எடுத்து வாசித்த உங்களுக்கு அந்த இழப்பு என்னவென்று உடனே தெரியும். கசாக் மக்கள் 1930களின் தொடக்கத்தில் கூட்டுப்பண்ணைக் கொள்கை கொண்டுவந்த பஞ்சத்தில் பெருந்திரளாக மாண்டார்கள். அதே காலத்தில் உக்ரைனிலும் பஞ்சம். 1937இல் தூரக் கிழக்கிலிருந்த கொரியர்களை ரயிலில் ஏற்றி மத்திய ஆசியாவில் இறக்கினார்கள். 1944இல் செச்சேனியரையும் கிரிமியத் தத்தார்களையும் அப்படியே நாடுகடத்தினார்கள். அதே சோவியத் நாட்டில்தான் கிர்கிஸ் மேய்ச்சல் நிலத்தில் பிறந்த சிங்கிஸ் ஐத்மாத்தவ், தந்தையை ஸ்டாலின் காலத்து மரண தண்டனைக்குப் பறிகொடுத்த பின்னும், கிர்கிஸிலும் ரஷ்யனிலும் எழுதி உலகம் முழுதும் வாசிக்கப்பட்டார். எழுத்தறிவும் மருத்துவமும் பெண்கல்வியும் அந்த நிலங்களில் பரவியதும் அதே காலத்தில்தான். இதையெல்லாம் ஒன்றாக மனத்தில் தாங்கிக்கொள்வதுதான் ஐரோப்பாவும் ஆசியாவும் சேர்ந்த அந்த நிலப்பரப்பின் வரலாறு, அதாவது யூரேசிய வரலாறு படிப்பது. எனக்குத் தெரிந்து இதைவிட வளமான பாடம் குறைவு.

போர் நடக்கும்போது இதைப் படிப்பது சரியா என்ற கேள்வி உங்கள் மனச்சாட்சியிலிருந்து வருகிறது, அதை மதிக்கிறேன். 2021 ஜூலையில் அதிபர் புதின் ரஷ்யர்களும் உக்ரைனியர்களும் ஒரே மக்கள் என்று வாதிட்டு நீண்ட வரலாற்றுக் கட்டுரை ஒன்று வெளியிட்டார். 2022 பிப்ரவரி 24 அன்று படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தன. வரலாற்றைத் தவறாகக் கையாண்டால் உயிர்கள் போகும் என்பதற்கு நம் கண்முன் நடக்கும் சாட்சி இது. உக்ரைன் தலைநகரான கீவில் 10ஆம் நூற்றாண்டில் இருந்த அரசு ரஷ்யர், உக்ரைனியர் இருவரில் யாருடைய முன்னோர் என்ற கேள்விக்கு மூல ஆவணங்களை வாசித்து நிதானமாகப் பதில் சொல்லக்கூடியவர்கள் இன்று அதிகம் தேவை. இந்தியாவில் அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு. நமக்கு வரும் செய்தியில் பெரும்பகுதி லண்டன் வழியாகவோ மாஸ்கோ வழியாகவோதான் வருகிறது.

மொழி எந்த ஆட்சியாளருக்கும் சொந்தம் இல்லை. உக்ரைன் அதிபர் ஜெலென்ஸ்கியே ரஷ்யன் பேசி வளர்ந்தவர். ஸ்டாலின் காலக் கொடுமைகளைப் பெயர் பெயராகப் பதிவுசெய்த 'மெமோரியல்' அமைப்பை 2021 டிசம்பரில் ரஷ்ய நீதிமன்றம் கலைக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அந்த அமைப்பும் ஒன்று. அவர்கள் எழுதியதும் ரஷ்ய மொழியில்தான். அவர்களை மூலத்தில் வாசிக்க முடிகிறவராக நீங்கள் ஆக வேண்டும் என்று விரும்புகிறேன்.

எங்கே படிப்பது? தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யு.) ரஷ்ய மொழி மையம் இருக்கிறது. 1965இல் தனி நிறுவனமாகத் தொடங்கிப் பின்னர் அந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பி.ஏ. சேர்க்கை சி.யு.இ.டி. நுழைவுத்தேர்வு வழியாக. ஹைதராபாதில் ஆங்கிலத்துக்கும் அயல்மொழிகளுக்குமான இஃப்லு பல்கலைக்கழகமும் நல்ல இடம். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்தில் கேரளப் பல்கலைக்கழகத்திலும் ரஷ்ய மொழித் துறை இருக்கிறது. அங்கே இப்போது என்னென்ன படிப்பு நடக்கிறது என்று நேரில் போய் விசாரித்து வாருங்கள். சென்னை கஸ்தூரி ரங்கா சாலையில் உள்ள ரஷ்ய மாளிகையில் மொழி வகுப்புகள் நெடுங்காலமாக நடக்கின்றன. பட்டப்படிப்பில் காலடி வைக்கும்முன் ருசி பார்க்க அது போதும்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இங்கே பி.ஏ. ரஷ்யன் என்றால் மொழியும் இலக்கியமும்தான் பெரும்பங்கு. வரலாறு கொஞ்சம்தான் வரும். யூரேசிய வரலாறும் அரசியலும் வேண்டுமானால் பி.ஏ.யில் மொழியை உறுதியாகப் பிடித்துவிட்டு, மேற்படிப்பில் அந்தப் பக்கம் போகலாம். ஜே.என்.யு.வின் சர்வதேசவியல் பள்ளியில் ரஷ்ய, மத்திய ஆசிய ஆய்வுக்கென்று தனி மையமே இருக்கிறது. இடையில் இன்னொரு மொழியைத் தொட்டுவையுங்கள். பாரசீகமானால் தில்லியிலேயே படிக்கலாம். உஸ்பெக்கோ கசாக்கோ கிடைத்தால் விடாதீர்கள்: சொல்லோடு விகுதிகளை அடுக்கி அடுக்கிச் சேர்ப்பதும் வினைச்சொல் கடைசியில் வருவதும் தமிழ் மாதிரியே இருக்கும்.

ரஷ்யாவுக்கே போய்ப் படிக்க விரும்பினால் அந்த அரசின் உதவித்தொகை உண்டு. கல்விக் கட்டணம் கிடையாது, சிறு மாதத்தொகை கிடைக்கும். விமானச் செலவும் காப்பீடும் அன்றாடச் செலவும் உங்களுடையவை. அங்கே ரஷ்ய மொழியில் இளங்கலை படிக்க டோர்ஃபல் என்னும் மொழித்தேர்வின் முதல் நிலை அளவுக்காவது மொழி வேண்டும். இல்லாதவர்களுக்கு ஓராண்டு ஆயத்தப் படிப்பு. ஆனால் இப்போதைய நிலையில் 18 வயதில் நேராக அங்கே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 2022 மார்ச்சுக்குப் பிறகு வெளிநாட்டு வங்கிகள் தந்த விசா, மாஸ்டர்கார்டு பண அட்டைகள் அங்கே செல்லாது. வீட்டிலிருந்து பணம் அனுப்புவதே பாடு. வேலை, படிப்பு என்று ஆசைகாட்டிக் கூட்டிப்போய் இந்திய இளைஞர்களைப் போர்முனையில் சேர்த்துவிட்ட முகவர்கள்மீது 2024இல் சி.பி.ஐ. வழக்கே போட்டது. எந்த முகவரிடமும் பணமோ கடவுச்சீட்டோ கொடுக்காதீர்கள். பி.ஏ. முடித்தபின் ஒரு பருவம் வெளியே போய்ப் பேசிப் பழக வேண்டும் என்றால் கசகஸ்தானின் அல்மாத்தியையும் கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கையும் யோசியுங்கள். போர் தொடங்கிய பிறகு மேற்கு நாட்டு மாணவர்கள் பலர் ரஷ்யன் பழக அங்கேதான் போகிறார்கள். தெருவில் ரஷ்யன் கேட்கலாம். இன்னொரு மொழியும் இன்னொரு கோணமும் கூடவே கிடைக்கும்.

வேலையைப் பற்றி மிகைப்படுத்த மாட்டேன். வெறும் ஆவணம் மொழிபெயர்க்கும் வேலையை இயந்திரம் வேகமாகப் பிடித்துவருகிறது. அதை மட்டும் நம்பி இந்தப் படிப்பில் இறங்க வேண்டாம். எதிரே இருப்பவர் சொல்வதைப் புரிந்து உடனே பேசித் தர வேண்டிய இடங்களில் ஆள் தேவை குறையவில்லை. உங்கள் வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் கூடங்குளம் அணுமின் நிலையம் 1988 ஒப்பந்தத்தில் தொடங்கியது. அங்கே ரஷ்யப் பொறியாளர்களோடுதான் வேலை. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாகும் டி-90 டாங்கிகளின் வடிவமைப்பு ரஷ்யாவிலிருந்து வந்தது. மருந்து ஏற்றுமதி நிறுவனங்கள், மத்திய ஆசிய நோயாளிகள் வரும் பெரிய மருத்துவமனைகள், சுற்றுலா, கற்பித்தல் என்று வேறு வாசல்களும் இருக்கின்றன. மொழியோடு இன்னொரு திறமை வைத்திருப்பவர்தான் இவற்றில் நிலைக்கிறார்: சட்டம், வணிகம், மருத்துவச் சொற்கள், புள்ளியியல், எதுவானாலும் சரி. மூன்றாம் ஆண்டுக்குள் அது எது என்று முடிவுசெய்துகொள்ளுங்கள்.

அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். குடிமைப்பணித் தேர்வு எழுத எந்தப் பட்டமும் போதும், பி.ஏ. ரஷ்யன் அதற்குத் தடை ஆகாது. ரஷ்ய இலக்கியத்தை விருப்பப்பாடமாக எடுக்க இப்போது வழியில்லை. வரலாறோ, அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளுமோ, தமிழ் இலக்கியமோ எடுக்கலாம். முதல் இரண்டுக்கும் உங்கள் படிப்பு நேராக உதவும். தேர்வில் வென்று வெளியுறவுப் பணிக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவரும் பயிற்சிக் காலத்தில் ஒரு வெளிநாட்டு மொழியைக் கட்டாயமாகக் கற்க வேண்டும். அந்த மொழிகளில் ரஷ்யனும் ஒன்று.